வெல்லக் காந்தல் கேட்டு வந்த ஏழாம் வகுப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் சம்பளத்துக்குப் போட்ட கையெழுத்தும், மளிகைச் சீட்டில் உப்பு, புளி, பருப்பு என்பதும்தான். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முகம் நினைவிருந்தால் ஊர் மறந்துபோகிறது, ஊர் நினைவிருந்தால் வருடம் மறந்துபோகிறது. விடுதிச் சமையலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும், தெரிந்ததை எழுதிக் கொடுங்கள் என்று வார்டன் அம்மா கேட்டார். உங்கள் எதிரில் நின்று பேசச் சொல்லியிருந்தால் நான் வந்தே இருக்க மாட்டேன். தாளுக்கு என் முகம் தெரியாது என்பதால் ஒப்புக்கொண்டேன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை படிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அடுப்புப் பக்கம் நின்று பார்த்தால் தானாக வந்துவிடும். நம் வேலையில் கஷ்டமான இடம் வேறு. பிள்ளைகள் சமையலறை வாசலில் வந்து நின்று ஏதாவது கேட்பார்கள். கொடுப்பதா, வேண்டாம் என்பதா என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்ய வேண்டும். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

நம் பள்ளிக்குப் புதிதாக ஒரு தலைமை ஆசிரியர் வந்த வருடம் அது. வயசு குறைவு, வேகம் அதிகம். பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஒருநாள் காலைக் கூட்டத்தில், இனிமேல் ஏழாம் வகுப்பிலேயே அவரவர் விரும்பியதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்று அறிவித்தார். தோட்டம், தையல், கம்ப்யூட்டர், விளையாட்டு, அறிவியல் கூடம், நர்ஸ் அம்மாவின் அறை, சமையல். எதை எடுக்கிறார்களோ மதியம் முழுக்க அதுதான். பத்தாம் வகுப்பு வரை அதே பாதை. மற்றப் பாடங்களில் தேறினால் போதும். பிடிக்காததைப் போட்டுத் திணித்துத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஓடிப்போன பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

நான் ஆசிரியர்களுக்கு டீ கொண்டுபோயிருந்தேன். தட்டோடு தூண் மறைவில் நின்றேன். தோட்டம் யாருக்கு என்று கேட்டார், சில கைகள் எழுந்தன. தையலுக்கும் அப்படித்தான். சமையல் யாருக்கு என்று கேட்டதும் ஏழாம் வகுப்பில் பாதிக்கு மேல் கை தூக்கிவிட்டது. சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். சார் மகிழ்ந்துபோனார். மலைப் பிள்ளைகளுக்கு நம் சாமை, கேழ்வரகு மேல் எவ்வளவு பற்று பாருங்கள் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொன்னார்.

எனக்கு விஷயம் தெரியும். வெள்ளிக்கிழமை வெல்லம் போட்டுச் சாமைப் பொங்கல் வைப்போம். இறக்கிய பிறகு அண்டாவின் அடியில் வெல்லமும் சாமையும் சேர்ந்து பிடித்த காந்தல் இருக்கும். அதைச் சுரண்டித் தின்பது சமையலறையில் வேலை செய்கிறவர்களுக்குள்ள உரிமை. பல வருடமாகப் பிள்ளைகள் சன்னல் வழியாக எங்களைப் பார்த்து எச்சில் விழுங்கியிருக்கிறார்கள். அன்றைக்குத் தூக்கிய கையெல்லாம் அந்தக் காந்தலுக்காகத் தூக்கிய கை. சாரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு வேலை பழக்கியவரை நாங்கள் பெரியக்கா என்போம். மலையடிவாரத்தில் இருக்கும் சந்தவாசலிலிருந்து பஸ் ஏறி மேலே வருவார். புதிதாக யார் வந்தாலும் முதலில் அண்டா தேய்க்க விடுவார். காந்தலுக்கு வந்தவள் யார், அடுப்புக்கு வந்தவள் யார் என்று அதில் தெரிந்துவிடும் என்பார். நானும் அதையே செய்தேன். முதல் நாள் அண்டா, இரண்டாம் நாள் சாமையில் கல் பொறுக்குவது, மூன்றாம் நாள் மறுபடியும் அண்டா. வெள்ளிக்கிழமை வருவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. ஒருத்திக்கு வயிற்று வலி. இன்னொருத்திக்குத் திடீரென்று தையல்மேல் ஆசை வந்துவிட்டது. யாரையும் நான் போ என்று சொல்லவில்லை.

ஒருத்தி மட்டும் போகவில்லை. பெயர் சித்ரா. புதூர்நாட்டுப் பக்கத்துப் பெண். ஒல்லியாக இருப்பாள், பேச்சு மட்டும் கனமாக இருக்கும். அண்டாவைச் சாய்த்துப் படுக்கவைத்து அதற்குள்ளேயே உட்கார்ந்து தேய்ப்பாள். உள்ளே பாடினால் குரல் மைக்கில் வருவதுபோல் வருகிறது என்று கண்டுபிடித்து, தேய்க்கிற நேரம் முழுக்கப் பாடினாள். கல் பொறுக்கச் சொன்னால் பொறுக்கிய கல்லை வரிசையாக வைத்து, இது நம்ம ஊர்க் கல், இது கீழ்நாட்டுக் கல் என்று எனக்குக் கதை சொல்வாள். அடுப்பில் ஏதாவது அடிப்பிடிக்கிற வாசனை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவள் மூக்குக்கு வந்துவிடும். களி கிண்டக் கற்றுக்கொடுத்தேன். துடுப்பு அவளை இழுத்துக்கொண்டு போகும், அவள் துடுப்பை இழுத்துக்கொண்டு வருவாள். இரண்டு பேரும் சண்டை போடுவதுபோல் இருக்கும். அவள் வந்த பிறகு எங்கள் சமையலறையில் சிரிப்புச் சத்தம் கூடிவிட்டது.

ஆனாலும் எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. அறிவியல் கூடத்து மணி அடித்தால், நமக்கு அது இல்லை என்ற நினைப்பில் அவள் முகம் மலர்ந்துவிடும். இவள் அடுப்பைப் பிடித்துப்போய் வந்தாளா, அறிவியலைக் கண்டு பயந்து வந்தாளா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அப்படி இருக்கும்போது ஒரு சந்தை நாளில் சித்ராவின் அம்மா வந்து இறங்கினார். மகள் சமையல் எடுத்த சேதி அவருக்கு எப்படியோ போயிருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் சந்தைக்குக் கொண்டுவந்த புளி மூட்டையைக்கூட இறக்காமல் நேராகத் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். மகள் வெள்ளை உடுப்புப் போட்டு நர்ஸாக வேண்டும் என்பது அவருடைய கனவு. அவருக்குப் பிரசவ நேரத்தில் உதவிய ஒரு நர்ஸை அவர் இன்றுவரை மறக்கவில்லை. சிறிது நேரத்தில் என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டே போனேன். வாசலுக்கு வெளியிலேயே குரல் கேட்டது.

“சமைக்க நான் கத்துக் குடுக்க மாட்டனா? அதுக்கு இன்னாத்துக்குங்க இவள ஆஸ்டல்ல வுட்டுட்டு நான் அங்க ஒண்டியா கெடக்கறேன்?”

சார் பொறுமையாகச் சொன்னார். யாரும் அவளைச் சமையலில் தள்ளவில்லை, அவளே விரும்பிக் கேட்டாள், பிள்ளையின் விருப்பம்தான் முக்கியம் என்றார்.

“ஆறு வயசுல வூட்ல ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு சார். அத்தத்தான் கட்டிக்குவேன்னு நின்னா. தாலிகூட நூல்ல திரிச்சு வெச்சிருந்தா. அதுவும் இவ விருப்பந்தான்.”

“அது ஆறு வயசுலம்மா” என்றாள் சித்ரா. காது சிவந்துபோயிருந்தது.

“இப்ப இன்னா, அறுபதா?”

சார் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார். சித்ரா சிரிக்கவில்லை. அவள் கண் நிறைந்திருந்தது. அம்மா சொன்னால் நாளையிலிருந்து அடுப்புப் பக்கம் வர முடியாது. சார் சொன்னால் பத்தாம் வகுப்பு வரை அடுப்பை விட்டு நகர முடியாது. இரண்டில் ஒன்று அந்த அறையில் அப்போதே முடிவாக இருந்தது. அந்த நேரம் பார்த்து சார் என் பக்கம் திரும்பி, உங்களிடம்தானே இருக்கிறாள், நீங்கள் சொல்லுங்கள் என்றார்.

இன்ஸ்பெக்ஷனுக்கு யாராவது வந்தால் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன்? அப்போது எனக்குப் பெரியக்கா நினைவுதான் வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் களி அடுப்பு ஒன்றுதான் பிடிக்கும். கட்டியில்லாமல் கிண்டுவேன். பிள்ளைகள் எனக்குக் களியம்மா என்று பெயரே வைத்துவிட்டார்கள். குழம்பு அடுப்பென்றால் எனக்கு நடுக்கம். பெரியக்கா களி அடுப்பை எனக்கே கொடுத்துவிட்டார். இது உன்னுடையது, வேறு யாரும் துடுப்பைத் தொடக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் நிமிர்ந்து நின்றேன். ஆனால் சந்தை நாள் வந்தால் எல்லோரும் அடுப்பு மாற வேண்டும். களிக்காரி குழம்புக்கு, குழம்புக்காரி சோற்றுக்கு. அதில் அவர் யாருக்கும் இரக்கம் காட்டியதில்லை. சந்தை நாளில் நான் அழுதுகொண்டே வைத்த குழம்புக்கு உப்பே வேண்டாம் என்று பிள்ளைகள் கேலி செய்திருக்கிறார்கள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுபோனது. கீழிருந்து பெரியக்கா வரவில்லை, குழம்புக்காரியும் வரவில்லை. நானும் பாத்திரம் கழுவுகிற பெண்ணும் மட்டும் இருந்தோம். விடுதி முழுக்கப் பசியோடு பிள்ளைகள். எந்த அடுப்பைக் கண்டும் அன்று என் கை பின்வாங்கவில்லை. சந்தை நாள் பழக்கம் கையில் இருந்தது. மூன்று அடுப்பையும் பற்றவைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். களிக்கு மட்டும் இரண்டாம் தடவை தட்டை நீட்டினார்கள். அதுதான் என் அடுப்பு.

இதையெல்லாம் சாரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அவ்வளவு தைரியம் ஏது? வாயில் வந்தது கொஞ்சம்தான்.

“அவ கை அடுப்புக்கு நல்லா ஒத்து வருதுங்க சார். நான் பொய் சொல்லல. ஆனா அவ மத்த அடுப்பப் பாக்கவே இல்லீங்களே.”

சாருக்குப் புரியவில்லை. மற்ற அடுப்பு என்றால் என்ன என்று கேட்டார்.

“தோட்டம், தையலு, கம்ப்யூட்டரு, அந்த எலும்புக்கூடு நிக்க வெச்சிருக்கற ரூமு... எல்லாம் ஒரு ஒரு அடுப்புதானுங்களே சார். எல்லாத்துலயும் கொஞ்ச நாள் நின்னுட்டு வந்து கேக்கட்டும். அப்பறம் எது கேட்டாலும் குடுத்துடலாம்.”

நான் தப்பாகப் பேசிவிட்டேன் என்று நினைத்து வாசலைப் பார்த்தேன். சித்ராவின் அம்மாதான் முதலில் பேசினார். இந்த அம்மா சொல்வது நியாயம் என்றார். சித்ரா அவரைப் பார்த்துத் திரும்பினாள்.

“எல்லாத்தையும் சுத்திட்டு வந்தும் சமையலத்தான் கேட்டன்னா, வுடுவியா?”

“கேளு பாக்கலாம். ஆனா நீ வேற ஒண்ணு கேட்டுட்டா, நர்ஸுக்குத்தான் படிக்கணும். சரியா?”

“சரி.”

அம்மாவும் மகளும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டே பந்தயம் கட்டினார்கள். சார் அதே இடத்தில் ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். ஏழாம் வகுப்பு முழுக்க எல்லாவற்றையும் சுற்றி வரட்டும், சுற்று முடிந்த பிறகு தேர்ந்தெடுக்கட்டும். எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து, பிள்ளைகளுக்கு மட்டும் ஏன், நாமும் சுற்றலாமே என்றார். அவருக்கு எதிலும் வேகம் என்றேனே.

அப்படித்தான் தலைமை ஆசிரியர் களி கிண்டினார். சட்டைக் கையை மடித்துவிட்டு, துடுப்பை அவர் பிடித்த விதத்தைப் பார்த்து நாங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டோம். அன்றைய களியில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள். பிள்ளைகள் மூச்சு விடாமல் சாப்பிட்டார்கள். ஒரு பொடியன் மட்டும் கட்டிகளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தான். ஏன் என்று கேட்டால், சாருக்குக் காட்ட எடுத்து வைத்திருக்கிறேன் என்றான். சார் அதைப் பார்த்து அவனுக்குக் கை கொடுத்தார்.

என்னைக் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி. எழுத்தைத் தேடித் தேடி என் பெயரை அடித்தேன். வெளிச்சத்தில் என் பெயர் வந்து நின்றதைப் பார்த்ததும் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. அடுத்து இன்னா அடிக்கப் போறீங்க களியம்மா என்று அவள் கேட்டாள். என் பெயருக்குப் பிறகு என்ன அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. களி என்று அடித்தேன். அவள் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். புகை பிடித்துப் பழுப்பாகும் வரை அது அங்கேயே இருந்தது.

இதெல்லாம் சந்தோஷமாகத்தான் போனது. கஷ்டம் சித்ரா விஷயத்தில் வந்தது. இதைக் கவனமாகப் படியுங்கள், பிள்ளைகளே.

அவள் தோட்டத்தில் இருந்தபோது மண்கையோடு சமையலறைப் பின்வாசலுக்கு வந்து நிற்பாள். கொஞ்சம் கிண்டட்டுமா என்பாள். தையலில் இருந்தபோதும் வந்தாள். அங்கே கால்சட்டைக்கு மூன்று கால் வைத்துத் தைத்துவிட்டாளாம், அதைச் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாலும் கண் மட்டும் துடுப்பின் மேலேயே இருந்தது. எனக்குக் கொடுக்க ஆசை. அவள் இல்லாமல் சமையலறை வெறிச்சென்று இருந்தது. வெள்ளிக்கிழமை காந்தலைச் சுரண்டும்போது அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கலாமா என்று கை போனது. எடுத்து வைத்தால் அவள் நாலு இடத்தில் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு மனசை இங்கே வைத்திருப்பாள். அது சுற்றே இல்லை. நான் வெல்லம் காட்டி ஒரு பிள்ளையின் நாலு வருடத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன் என்றாகும். அதனால், இப்போது இது உன் இடம் இல்லை, போ கண்ணு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். பல தடவை சாத்தினேன். ஒருநாள் அவள் கோபித்துக்கொண்டு, உங்கள் களி இனி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு அவள்தான் முதல் ஆளாகத் தட்டை நீட்டினாள், அது வேறு விஷயம்.

பிறகு அவள் வருவது நின்றது. அறிவியல் கூடத்துக்குப் போயிருந்தாள். எலும்புக்கூட்டுக்கு அவள் ஒரு பெயர் வைத்துத் தினமும் வணக்கம் சொல்கிறாள் என்று கேள்விப்பட்டேன். பழைய பயம் போய்விட்டது. அடுத்து நர்ஸ் அம்மாவின் அறை. அங்கே அவளுக்கு எல்லாமே வந்தது. காயம் கழுவுவது, கட்டுப் போடுவது, அழுகிற சின்னப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்து மாத்திரையை விழுங்கவைப்பது. காயமே இல்லாத பிள்ளைகளுக்கும் கட்டுப் போட்டுவிட்டாள். விடுதியில் பாதிப் பேர் கைக்கட்டோடு சாப்பிட வந்தார்கள். நர்ஸ் அம்மா அவளைப் புகழ்ந்தது சந்தைக்கு வந்த யாரோ வழியாக அவள் அம்மா வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம்தான். இன்னொரு பக்கம், அவள் கிண்டிப் பழகிய துடுப்பை எடுத்து நானே துணி சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

தேர்ந்தெடுக்கிற நாளும் வந்தது. சித்ராவின் அம்மா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். பந்தயம் ஜெயித்த முகம். நான் பழையபடி தூண் மறைவில் நின்றேன். இந்தத் தடவை கைகள் வேறு மாதிரி எழுந்தன. காந்தலுக்கு வந்து, வயிற்று வலி என்று போனவள் தோட்டத்துக்குக் கை தூக்கினாள். கம்ப்யூட்டர் என்று குதித்த ஒருவன் தையல் என்றான், அவனை யாரும் கேலி செய்யவில்லை. நர்ஸ் அம்மாவின் அறை யாருக்கு என்று சார் கேட்டார். எல்லோரும் சித்ராவைப் பார்த்தோம். அவள் கை எழவில்லை. சமையல் யாருக்கு என்றார்.

ஒரே ஒரு கை எழுந்தது.

சித்ராவின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். சித்ரா கையை இறக்காமலே பேசினாள்.

“சமையலுதான் சார் எனக்கு. ஆனா சந்தை நாள்ல நர்ஸம்மா ரூமுக்குப் போய்ட்டு வர்றேன். அதையும் வுட மாட்டேன்.”

பெரியக்காவைப் பற்றி நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் சமையலறையில் சந்தை நாளில் அடுப்பு மாறுவதை அண்டாவுக்குள் இருந்தே அவள் பார்த்திருக்கிறாள். சார் அதையே எல்லோருக்கும் வழக்கமாக்கிவிட்டார். அவரவருக்கு ஓர் இடம், சந்தை நாளில் ஒரு மாற்று. வருடக் கடைசியில் வேண்டுமானால் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம்.

சித்ராவின் அம்மா அன்று சமையலறைக்கு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். களி போட்டுக் கொடுத்தேன், சாப்பிட்டார். பிறகு, “அவளே சுத்திட்டு வந்து கேட்டுட்டா. இனிமே நான் இன்னா சொல்றது? நல்லா கத்துக் குடுங்க அண்ணி” என்றார். அண்ணி என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பரண்மேல் இருந்த துடுப்பை இறக்கித் துணியைப் பிரித்தேன்.

சின்ன வயதில் பிள்ளைகளை இதுதான் என்று எடுத்துக்கொள்ள விடலாமா, கூடாதா என்று படித்தவர்கள் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு தெரியாது. என் சமையலறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். பிள்ளைக்கு என்று ஓர் அடுப்பு இருக்கட்டும், அது சீக்கிரமே கிடைத்தாலும் நல்லதுதான். தனக்கென்று ஒன்று இருக்கிற பிள்ளையின் நடையே வேறாக இருக்கும். ஆனால் மற்ற அடுப்புகளின் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எடுக்கட்டும். எடுத்த பிறகும் கதவைத் தாழ்ப்பாள் போடாதீர்கள். உங்களைப் பிடித்துப்போய் ஒரு பிள்ளை வாசலில் வந்து நிற்கும். அப்போது வெல்லத்தைக் காட்டி இழுக்காதீர்கள். உங்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். ஆளுக்கு ஓர் அடுப்பை உரிமையோடு வைத்துக்கொள்ளுங்கள். சந்தை நாளில் மாறிக்கொள்ளுங்கள்.

சித்ரா இப்போது கீழே கேட்டரிங் படிக்கிறாள். போன மாதம் அவள் அம்மா ஜீப் பிடித்து என் வீட்டுக்கே வந்து போனில் ஒரு படம் காட்டினார். சித்ரா வெள்ளைக் கோட்டுப் போட்டு, தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி வைத்து, ஒரு பெரிய அடுப்பின் பக்கத்தில் நிற்கிறாள். அவள் அம்மா படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்.

“வெள்ளை உடுப்புலதான் பாக்கணும்னு ஆசப்பட்டேன். இன்னா வேலைக்கின்னு சாமிகிட்ட நான் வெவரமா சொல்லல போல. நர்ஸுக்குக்கூட இவ்ளோ பெரிய தொப்பி இல்ல அண்ணி.”

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

இதில் நான் எதையாவது முன்பின்னாக எழுதியிருப்பேன். எந்த வருடம், எது முதலில், தையல் முதலா தோட்டம் முதலா என்பதெல்லாம் எனக்கு உறுதியாக இல்லை. மூன்று கால் கால்சட்டையைத் தைத்தது அவள்தானா, பக்கத்தில் இருந்தவளா என்றும் இப்போது சந்தேகம் வருகிறது. வார்டன் அம்மா, பொங்கல் லீவுக்குச் சித்ரா மேலே வருவாள். இதை அவளிடம் கொடுத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஆட்டுக்குட்டிக் கதையை அடித்துவிடச் சொல்வாள். அதை மட்டும் கேட்காதீர்கள். அது அவள் அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னது, எனக்கு ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை.